கெசியாள் இருக்க வேண்டிய அலமாரி

உட்காரம்மா, முதலில் உட்கார். அந்த மூலை அலமாரிக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. நீ நூலகர் தம்பியிடம் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது. வலிப்பைப் பற்றி டாக்டர் எழுதின புத்தகம் வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அதில் போட்டிருக்குமாம். அதை வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். அப்படித்தானே? நீ வாயால் சொன்னால் கேட்க மாட்டாராக்கும். அச்சில் இருந்தால் நம்புவாராக்கும். ஆம்பிளைகள் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பையனுக்கு என்ன வயது? ஏழா? ஐயோ பாவம். ஸ்தோத்திரம்.

தம்பி உன்னிடம் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது, அலமாரியில் இல்லை, அவ்வளவுதான். நல்ல பிள்ளை. வந்து கொஞ்ச காலந்தான் ஆகிறது. நான் சொன்னால் கேட்பார். அந்தப் பலகையைப் பார், புரவலர்கள் என்று போட்டு, மேலிருந்து மூன்றாவது பெயர், சந்தோஷபாய். நான்தான். எட்டாம் வகுப்பு படித்தவள் பெயர் நூலகத்துப் பலகையில் ஏறியிருக்கிறது, பார்த்துக்கொள்.

மாத்திரையை யார் நிறுத்தச் சொல்கிறார்கள்? மாமியாரா? நாளை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாளா? எந்தத் தெரு நீ? பால் பண்ணைத் தெருவா? தங்கக்கனியின் மருமகளா நீ! அடடா, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? உன் மாமியார் கையில் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் இருக்குமே, ராத்திரி பகல் வாசித்துக்கொண்டிருப்பாளே, அது நான் எழுதினதுதான் மகளே. இந்த நூலகத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனாள். வாசலுக்கு நேரே, சாமி புத்தகங்கள் இருக்கிற இருநூறாம் வரிசையிலிருந்து, நல்ல வெளிச்சத்தில் இருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் முகம் இப்படிப் போகிறது? தண்ணீர் குடி. நான் உனக்கு விரோதி இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே சொல்.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் டைட்டஸ் பஹ்ரைனில் இருக்கிறான். மகள் கெசியாள். அவளுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் விழுந்தாள், நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். அன்றைக்கு ஆரம்பித்த மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதற்குப் பிறகு வலிப்பு வரவே இல்லை என்பது உண்மைதான். படித்தாள், பாலர் பள்ளியில் டீச்சராகப் போனாள். ஆனால் மாத்திரை மட்டும் நின்றபாடில்லை. நான் ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் அந்த மாத்திரை அட்டையின் சத்தம் கேட்கும். படக். அவள் பிரித்துப் போடுகிற சத்தம். எனக்கு யாரோ கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும். இவ்வளவு ஜெபிக்கிறவள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்கலாமா, நீயே சொல்.

ஒருநாள் ஜெபத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது, அவள் சுகமாகிவிட்டாள் என்று. எங்கள் ஜெபக்கூடத்துப் போதகர் ஐயாகூட, "அம்மா, எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றார். வயதாகிவிட்டது அவருக்கு. விசுவாசம் குறைந்துவிட்டது. நான் கெசியாளிடம் சொன்னேன், நிறுத்து என்று. நல்ல பிள்ளை, நிறுத்திவிட்டாள். சில மாதம் ஒன்றுமே வரவில்லை. ஒன்றுமே வரவில்லை மகளே! அதைத்தான் எழுதினேன். டைட்டஸ்தான் அச்சடிக்க ஏற்பாடு பண்ணினான். 'கெசியாள் பெற்ற சுகம்'. மஞ்சள் அட்டை, முன்னால் அவள் படம், நீலச் சேலையில்.

அதில் ஒரு பிரதியை இந்த நூலகத்துக்குக் கொடுத்தேன். அங்கேதான் வந்தது வினை.

அப்போது இங்கே நூலகராக இருந்தவள் உலகம்மாள் என்று ஒருத்தி. தென்காசிப் பக்கம். வாயைத் திறந்தால் நம்பர்தான். ஒரு வாரம் கழித்து ஆசையாக வந்து பார்க்கிறேன், இருநூறு வரிசையில் என் புத்தகம் இல்லை. சாமி புத்தகம், வேதப் புத்தகம், விசுவாச வாழ்க்கை, எல்லாம் அங்கேதானே? நான் போய்க் கேட்டால், அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையைக் காட்டுகிறாள். கழிப்பறைப் பக்கம். சுவரெல்லாம் ஈரம். சர்க்கரை நோய், மூலம், காசம், அதற்கடுத்து என் மகள், நீலச் சேலையில். அவளுக்கு இந்தப் பக்கம் பக்கவாதம், அந்தப் பக்கம் அந்த டாக்டர் புத்தகம். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி 616.853. அந்த நம்பரை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"என்ன மேடம் இது, கர்த்தர் சுகம் தந்ததுக்குச் சாட்சியா எழுதின புத்தகத்தைக் கொண்டு போய் சீக்காளிப் புத்தகத்தோட வச்சிருக்கிய?" என்றேன்.

"அக்கா, உங்க புத்தகத்தை முழுசும் படிச்சேன். எப்ப வலிப்பு வந்துச்சு, எப்படி வந்துச்சு, என்ன மாத்திரை, எப்ப நிறுத்துனிய, எல்லாம் வலிப்பைப் பத்தித்தானே எழுதியிருக்கிய? புத்தகம் எதைப் பத்திப் பேசுதோ அந்த இடத்துலதான் அதை வைக்கணும். அறுநூத்துப் பதினாறு நோய். புள்ளி வச்சு எட்டுன்னா நரம்பு. இன்னும் ரெண்டு எண் தள்ளி வந்தா வலிப்பு. தெரு, வீடு, அடுக்களைன்னு போற மாதிரிதான்."

"சுகமானதைப் பத்தி எழுதியிருக்கேன். சீக்கைப் பத்தி இல்ல."

"சரிக்கா. நாளைக்கு வலிப்பு வந்த பிள்ளையோட அம்மா ஒருத்தி இங்க வருவா. இந்த வரிசைக்குத்தான் வருவா. உங்க புத்தகத்தையும் எடுக்கட்டும், பக்கத்துல டாக்டர் புத்தகத்தையும் எடுக்கட்டும். ரெண்டையும் படிச்சிட்டு அவ முடிவு பண்ணட்டும். அதுக்குத்தான் இப்படிப் பக்கம் பக்கமா வைக்கிறது."

எவ்வளவு திமிர் பார். கர்த்தர் செய்ததையும் டாக்டர் எழுதினதையும் பக்கம் பக்கமாக வைப்பாளாம், வருகிறவள் முடிவு பண்ணுவாளாம்.

அன்றைக்கு நான் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து அந்த வெள்ளைத் தாளில் தடவி, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புத்தகத்தை இருநூறில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் வந்தால் புதுத் தாள் ஒட்டி மறுபடியும் மூலையில். மறுபடி சுரண்டினேன். மறுபடி ஒட்டினாள். "அக்கா, எண்ணெய் விலை ஏறிப் போச்சு, பாத்துச் செலவு பண்ணுங்க" என்று சிரிக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் வீம்புக்காகச் செய்யவில்லை. அப்போது கெசியாளுக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் மின்வாரியத்தில் வேலை. போட்டோவை அவள் தன் கைப்பையில் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. பையனின் சித்தி ஒரு டீச்சர். அவளிடம் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன், எங்கள் பிள்ளையைப் பற்றிய புத்தகம் அரசாங்க நூலகத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. போயிருக்கிறாள். உலகம்மாள் மூலையைக் காட்டியிருக்கிறாள். அந்தச் சித்தி நின்றபடியே இரண்டு புத்தகத்தையும் படித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மதினி, உங்களை ஒன்னு கேக்கணும். பொண்ணு மாத்திரையை நிறுத்தினது டாக்டர் சொல்லியா?"

"கர்த்தர் சொல்லி."

"மாத்திரை போடுத பொண்ணுன்னா எங்களுக்கு ஆட்சேபமே இல்ல மதினி. எங்க பள்ளிக்கூடத்துலயே ஒரு டீச்சர் போடுதா, நல்லாத்தான் இருக்கா. நிறுத்திட்டியன்னுதான் பயமா இருக்கு. மறுபடி போடச் சொல்லுங்க. அடுத்த மாசமே பூ வச்சிருவோம்."

கேட்டாயா? மாத்திரை போடுகிற மருமகள் போதுமாம். சுகமான மருமகள் வேண்டாமாம். எனக்கு வந்த அவமானத்தை நினைத்துப் பார். எங்களுக்கு இந்த இடமே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீங்களே வேண்டாம் என்று சொன்னதாக ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினேன். மரியாதையாகத்தான்.

கெசியாள் அடுக்களைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கையில் அந்த டாக்டர் புத்தகம். இங்கே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தன் படம் போட்ட புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்து!

"யம்மா, இதுல தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. பல வருசம் வராம இருந்தாலும் நாமளா நிறுத்தக் கூடாதாம். நிறுத்துனா கொஞ்ச நாள் கழிச்சுக்கூடத் திரும்பி வருமாம். அடுப்பு கிட்ட, தண்ணி கிட்டத் தனியா போகக் கூடாதாம். நான் மறுபடி போடுதேம்மா. அவங்களும் சம்மதிக்காங்கல்லா?"

"அப்போ நான் அச்சடிச்சு ஊரெல்லாம் கொடுத்த புத்தகம் பொய்யாட்டீ?"

"புத்தகம் இருந்துட்டுப் போகட்டும்மா. நான் இருக்கணும்லா."

என்ன பேச்சு பார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை பெற்றவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா? நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது, யாரை வேண்டுமானாலும் கேள். நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். நீ மாத்திரையைத் தொட்டால் நான் சோற்றைத் தொட மாட்டேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டேன். முதலில் அழுதாள். அண்ணனுக்கு போன் பண்ணினாள். அவன் அங்கிருந்து என்னைத் திட்டினான், நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தபோது அவளே ரசஞ்சாதம் பிசைந்து கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிடும்மா. நான் போடல" என்றாள். ஊட்டியும் விட்டாள். எப்படிப்பட்ட பிள்ளை!

அந்த டாக்டர் புத்தகத்தை நானே இங்கே கொண்டு வந்து ஒப்படைத்தேன். அங்கே சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது பார்த்தாயா? 'எடுத்த புத்தகங்களை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டாம். மேசையில் வைக்கவும்.' ஏன் மேடம் இப்படி என்று உலகம்மாளிடம் ஒருதரம் கேட்டிருக்கிறேன். "இடம் மாத்தி வச்சிட்டாப் புத்தகம் தொலைஞ்ச மாதிரிதான் அக்கா. கள்ளன் கொண்டு போனாக்கூடப் போலீஸுல சொல்லலாம். தப்பான வரிசைக்குள்ள போய்ட்டா, உள்ளயே இருக்கும், யாருக்கும் கிடைக்காது" என்றாள்.

நான் திருட மாட்டேன் மகளே. பிறத்தியார் பொருளில் ஒரு குண்டூசியைத் தொட மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன், எரிக்கவும் மாட்டேன், அதெல்லாம் பாவம். உலகம்மாள் மேசையில் வாங்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் அதை எடுத்து ஒரு அலமாரியில் வைத்தேன். வேறு ஒரு அலமாரியில். அரசாங்கத்துப் புத்தகம் அரசாங்கத்து இடத்திலேயே இருக்கிறது, இந்த நிமிஷம் வரைக்கும். எந்தச் சேதமும் இல்லை.

கெசியாள் ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்து தேடியிருக்கிறாள். அவள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம். "அந்தப் புத்தகத்தைக் காணோம்மா" என்றாள். "கர்த்தர் எடுத்துப் போட்டிருப்பார்" என்றேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உலகம்மாளுக்கு என் மேல் சந்தேகம். நேராகக் கேட்கவில்லை, ஆனால் ஒருநாள் என்னை நிறுத்தி, "அக்கா, என் தம்பிக்கும் வலிப்பு உண்டு. நானும் செவ்வாய் வெள்ளி விளக்குப் போட்டுக் கும்பிடுறவதான். கும்பிட்டுட்டு அவன் கையில மாத்திரையைக் கொடுப்பேன். ரெண்டும் ஒன்னையொன்னு முறைச்சுக்கிட்டதில்ல" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாத்திரை போட்டுப் போட்டு உங்க தம்பிக்குப் பொண்ணு கிடைச்சுதா மேடம்?" என்றேன்.

"ரெண்டு பிள்ளைக்கு அப்பன் அக்கா அவன். மூத்தவ போன வருசம் பத்தாம் வகுப்புல பள்ளிக்கூடத்துலயே முதல்" என்கிறாள்!

அன்றைக்கே முடிவு பண்ணினேன். வாசகர் வட்டத்தில் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒரு மனு எழுதி, பக்திப் புத்தகங்களை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார், வாசகர்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார் என்று கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினேன். சிலர் என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை, சந்தோஷபாய் அக்கா நீட்டினால் போடலாம் என்று போட்டார்கள். மாற்றல் வந்துவிட்டது. எங்கேயோ மலையடிவாரத்தில், பஸ்ஸே சரியாகப் போகாத ஊராம். கடைசி நாள் அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாற்றல் உத்தரவை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல், அந்த டாக்டர் புத்தகத்தைத் தேடினாள். வரிசை வரிசையாக. நான் இதோ இதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் போக நேரம் பத்தவில்லை அவளுக்கு. இந்தத் தம்பி வந்ததும் என் புத்தகத்தை இருநூறாம் வரிசையில் 248-க்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

கெசியாளா? கெசியாள் இப்போது கர்த்தரிடத்தில் இருக்கிறாள். தை மாதத்தில் ஒருநாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரத் தொட்டி. நான் உள்ளே ஜெபத்தில் இருந்தேன். வெளியே வந்து பார்க்கும்போது தலை தொட்டிக்குள் இருந்தது. வழுக்கிவிட்டது மகளே, பாசி. ஆஸ்பத்திரியில் டாக்டர் வலிப்பு என்று எழுதினார். அவர்களுக்கு வேறென்ன எழுதத் தெரியும்? நாக்கைக் கடித்திருந்தாள் என்றார்கள். விழுகிற யாரும் நாக்கைக் கடிக்கத்தான் செய்வார்கள்.

டைட்டஸ் வந்தான். அடக்கம் முடிந்ததும் போய்விட்டான். போன் எடுப்பதில்லை, வேலை அதிகம் போல. உலகம்மாளும் வந்திருந்தாள், அந்த மலையடிவாரத்திலிருந்து. பின்னால் நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டேன். "என்ன மேடம், இப்போ இவளுக்கு எந்த நம்பர் போடப் போறிய?" முன்னால் வந்தாள். என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன்.

எங்கே எழுந்துவிட்டாய்? இரு. உன் பையன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ, ஜெபிக்க வேண்டும். சொல்ல மாட்டாயா? சரி. இந்தப் புத்தகம் மறு அச்சுப் போட வேண்டும், இப்போதெல்லாம் ஆட்கள் கேட்கிறார்கள், அந்தப் பெண்தான் செத்துப்போயிற்றே என்று. உயிரோடு ஒரு பிள்ளை இருந்தால் கடைசிப் பக்கத்தில் சேர்க்கலாம். உன் மாமியார் சம்மதித்துவிட்டாள். உனக்குத்தான் மனசு வரவில்லை.

அங்கே என்ன செய்கிறாய்? அது வரலாறு, அங்கே ஏன் தேடுகிறாய்? ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எப்போது முடியும்? தரையில் உட்காராதே, சேலை அழுக்காகும். என்னை ஏன் பார்க்கிறாய்? சொல்ல மாட்டேன். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். உன் நன்மைக்குத்தான். அது கிடைத்தால் நீ அதைக் கொண்டு போய் வீட்டுக்காரரிடம் காட்டுவாய், அவர் நம்பிவிடுவார், பிள்ளை ஆயுசுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு கிடப்பான்.

தம்பி! நேரம் ஆகிவிட்டதே, பூட்டவில்லையா? என்ன தம்பி, நீங்களும் அவளோடு சேர்ந்து அந்த வரிசையைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள்? உலகம்மா மேடம் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? பஸ் போகாத ஊர். உங்களுக்குக் கைக்குழந்தை வேறு இருக்கிறது... ஆங், அப்படி எழுந்து வாருங்கள். விளக்கை அணையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள்.

வா மகளே, எழுந்திரு. நாளைக்கு லீவு. சனிக்கிழமை வந்து தேடு, நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அழாதே. விசுவாசம் இல்லாதவர்கள்தான் அழுவார்கள். கெசியாளைக் குழியில் இறக்கினபோது ஊரே அழுதது, நான் ஒரு சொட்டு விடவில்லை, கேட்டுப் பார். நிலையிலிருந்து கையை எடு மகளே, தம்பி கதவைச் சாத்த வேண்டும்.